பேச வந்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலப் பாடத்திட்டம் பற்றிய பேச்சு எப்போது வந்தாலும், ‘பிள்ளைகள் சரளமாகப் பேச வேண்டும்’ என்பதையே சுற்றிச் சுற்றி வருகிறது. பேசட்டும், நல்லதுதான். ஆனால், வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளைகளுக்குப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளைக்குப் பேச வந்தவுடன் பாடத்திட்டம் கையைக் கழுவிவிடுகிறது.

என்னிடம் படித்த ஒரு சின்னப் பெண், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். 12-க்கும் 7-க்கும் ‘டிஃபரன்ஸ்’ என்ன என்று கணக்கில் ஒரு கேள்வி. 12 இரட்டைப்படை, 7 ஒற்றைப்படை என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்த பிறகுதான் உறைத்தது, அவளுக்குத் தெரிந்த அர்த்தத்தில் அது சரியான பதில். கழித்தல் அவளுக்கு நன்றாகவே வரும். பேச்சில் ‘வேறுபாடு’ என்று பொருள்படும் அந்தச் சொல், கணக்குக்குள் வந்தால் ‘கழித்தால் வரும் விடை’ என்று வேறு வேலை பார்க்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

இன்னொன்று, ‘ஃபைவ் லெஸ் தென் ட்வெல்வ்’. தமிழில் ‘12-ஐ விட 5 குறைவு’ என்போம், 12 முதலில் வரும், கழிக்கும்போதும் 12-தான் முதலில். ஆங்கிலத்தில் 5 முந்திக்கொள்கிறது, பிள்ளையும் காதில் விழுந்த வரிசையிலேயே 5-லிருந்து 12-ஐக் கழிக்கப் பார்க்கிறது. உடனே கணக்கு வராத பிள்ளை என்று பெயர் வைத்துவிடுகிறோம்!

பேச்சுக்கு வேண்டிய மொழி வேறு, பாடம் படிக்க வேண்டிய மொழி வேறு என்று ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்குச் சகஜமாகப் பேச ஏறக்குறைய 2 வருஷம் போதும், பாட மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருஷம் ஆகிறது என்பது அவருடைய கணக்கு. நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைகளுக்கே இந்த நிலை. வகுப்பில் மட்டும் கேட்கிற பிள்ளை எங்கே போகும்?

அதனால் பாடத்திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஆங்கிலப் புத்தகத்தை எழுதத் தொடங்கும் முன்னால், அதே வகுப்பின் அறிவியல், கணக்குப் புத்தகங்களைப் பிரித்துப் பாருங்கள். ‘பவர்’, ‘டேபிள்’, ‘வால்யூம்’ மாதிரி தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றுகிற சொற்களையும், ‘அன்லெஸ்’ (இல்லாவிட்டால்), ‘வேர்ஆஸ்’ (ஆனால் இதுவோ) மாதிரி வாக்கியத்தையே திருப்பிப் போடுகிற சொற்களையும் குறித்துக்கொண்டு, அந்தப் பாடம் நடக்கிற அதே வாரத்தில் ஆங்கில வகுப்பிலும் வரும்படி செய்யுங்கள். ஒரு தடவை வந்தால் ஒட்டாது, அடுத்த மாதமும் வர வேண்டும். அப்புறம், பிள்ளை முதலில் தாய்மொழியில் விளக்கிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுத ஐந்து நிமிஷம் கொடுங்கள். புரியவில்லையா, சொல்தான் தெரியவில்லையா என்பது அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்குப் போட்ட சுழியை அடித்துவிட்டு, பக்கத்தில் பாதி மதிப்பெண் போட்டேன். முழுதாகப் போட்டிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை