இரண்டாம் பருவத்துக்கு நான் எழுதவில்லை, அக்கா

அக்கா,

நீங்கள் தயாரிக்கும் நம் தொடரின் இரண்டாம் பருவத்துக்கு எழுதமாட்டேன் என்று நேற்று இரவு நான் அனுப்பிய மின்னஞ்சலில் காரணம் எதுவும் எழுதவில்லை. நீங்கள் போன் செய்தபோதும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் "சரிக்கா" என்று சொல்லியிருப்பேன். உங்களிடம் எனக்கு வேறு பதில் வந்ததே இல்லை.

எந்தத் தொடர், எந்த ஆண்டு என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சிங்கப்பூரில் தமிழ் நாடகம் எடுக்கிற கூட்டம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாததா? தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம்.

உங்கள் தோ பாயோ வீட்டுச் சமையலறைதான் கண்முன் நிற்கிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே வசனம் சொல்வீர்கள், நான் மடிக்கணினியில் அடிப்பேன். மாமியாருக்கு முகவாய் மேலே போகும். மருமகளுக்குக் குரல் தொண்டைக்குள் இறங்கும். மகன் வந்தால் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொள்வீர்கள். அமெரிக்காவில் நாடகத் தொடர்கள் எழுதிய இர்னா ஃபிலிப்ஸும் இப்படித்தான் எல்லாப் பாத்திரங்களையும் நடித்துக் காட்டி, சொல்லச் சொல்ல எழுதவைப்பாராம். 1937-இல் வானொலியில் அவர் தொடங்கிய ‘கைடிங் லைட்’ தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை ஓடியது. அவரிடம் வேலை கற்ற ஆக்னஸ் நிக்சனை உங்களுக்கு இன்னும் பிடிக்கும். பிணத்துக்கு உடுத்தும் ஆடை விற்ற அப்பா, மகளின் எழுத்து ஆசை ஒழியட்டும் என்றுதான் இர்னாவைப் பார்க்க ஏற்பாடு செய்தார். இர்னா படித்துப் பார்த்து வேலையே கொடுத்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே எத்தனை ராத்திரி விழித்திருந்தேன்!

அம்மா காட்சியையும் அங்கேதான் வாசித்துக் காட்டினேன். வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னல். மூங்கில் கழியிலிருந்து துணியை உருவி மடித்தபடியே, மார்பில் கட்டி என்று தாய் மகளிடம் சொல்கிறாள். மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடிக்கிறாள். எங்கள் வீட்டில் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தீர்கள்.

ஒளிபரப்பானபோது அந்தத் தாய் திருச்சிக்குப் போயிருந்தாள். தம்பி மகள் கல்யாணமாம். கதையில் ஒருவரை என்ன செய்வதென்று தெரியாவிட்டால் திருச்சிக்கு விமானம் ஏற்றிவிடுவோம், நானும் பலரை ஏற்றியிருக்கிறேன். ஆனால் அவள் என் அம்மா, அக்கா.

கேட்டதற்கு, நிக்சனை வைத்தே என் வாயை அடைத்தீர்கள். 1962-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ‘கைடிங் லைட்’ கதையில் கொண்டுவர அவர் விரும்பியபோது, புற்றுநோய், கருப்பை என்ற சொற்களே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். "அவரே விட்டுக்கொடுக்கவில்லையா?" என்றீர்கள். கொடுத்தார்தான். ஆனாலும் கதை ஒளிபரப்பானது, அதில் வரும் பெர்ட் பாயர் என்ற பெண் சோதனைக்குப் போனாள். நம்மிடம் யார் என்ன நிபந்தனை போட்டார்கள்? போட்டுவிடுவார்களோ என்று நீங்களே முந்திக்கொண்டு வெட்டினீர்கள்.

இதைப் படிக்கிறவர்கள் உங்களைத் தப்பாக நினைக்கவேண்டாம். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் யார் யார் சம்பளம் நிற்கும் என்பது தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். லைட்மேன் ஒருவரின் வாடகையை உங்கள் கையிலிருந்து கொடுத்ததைப் பார்த்தவள் நான். அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்தீர்கள். அதே வாரத்தில்தான் அந்தத் திருச்சி வசனத்தை என்னையே அடிக்கச் சொன்னீர்கள்.

இப்படி நட்டாற்றில் விட்டுப்போவதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், மருமகள் விவாகரத்து கேட்கும் காட்சியை எழுதி முடித்த சூட்டோடு நானே வெட்டினேன். யாரும் சொல்லவில்லை. உங்களிடம் பழகிய கை.

அப்புறம் ஒன்று. அம்மா காட்சியை முதலில் தாளில்தான் எழுதினேன். உங்கள் அலமாரியில் பழைய கதைச்சுருக்கங்களோடு இருக்கும். அதில் அம்மா பேசியது அவர் பேசியபடியே இருக்கிறது, எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் மாமாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள்.