எழுதியவர்கள் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பிரிட்டிஷ் டி.வி. நகைச்சுவைக் கட்டுரையில் நடிகர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், எழுதினவர் ஒருவர் பெயர்கூட இல்லை. டோனி ஹான்காக்குக்கு அரைப் பக்கம், சரி, ஆனால் அவருக்கு வசனம் எழுதிக் கொடுத்த ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் எங்கே போனார்கள்? 1948-இல் சர்ரே பக்கம் மில்ஃபோர்டு காசநோய் மருத்துவமனையில் சந்தித்துக்கொண்ட இரண்டு இளைஞர்கள் அவர்கள். அங்கே நோயாளிகளுக்கான வானொலிக்கு எழுதிப் பழகி, 1954-இல் பிபிசி வானொலியில் ஹான்காக்குக்காக அரை மணி நேர நிகழ்ச்சியை எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். துணுக்குகளைக் கோத்து நடுவில் பாட்டைப் போட்டு ஒப்பேற்றிய காலம் அது. இவர்கள் பாட்டைத் தூக்கிவிட்டு, மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பொழுது போகாமல் வீட்டுக்குள் கிடக்கிற நாலு பேரை வைத்தே ஒரு முழு நிகழ்ச்சியை ஓட்டியிருக்கிறார்கள் (வானொலியில் கொட்டாவியும் மௌனமும் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!).

1961-இல் ஹான்காக் இவர்களை விட்டு விலகினார், அப்புறம் அந்தப் பழைய உயரத்தை அவர் எட்டவே இல்லை. இவர்களோ அடுத்த வருடமே பழைய சாமான் வாங்குகிற ஒரு கிழ அப்பா, அவரை உதறிவிட்டுப் போக முடியாமல் புழுங்குகிற மகன் என்று ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ டி.வி. தொடரை ஆரம்பித்தார்கள். அது அமெரிக்காவுக்கும் போய் 1972-இல் வேறு பெயரில் ஓடியது.

அடுத்த இணைப்பில் கால் பக்கமாவது ஒதுக்குங்கள், படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

— ஒரு வாசகர், திருச்சி