முதியோரைப் பராமரிக்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்குப் பதிவும் தரமும் வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
படுக்கையில் இருக்கும் ஒரு தாயின் மகள்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: வீட்டில் முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்களை அனுப்பும் தனியார் ஏஜென்சிகளைப் பதிவு செய்து, பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் குறைந்தபட்சத் தரம் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் அம்மாவுக்கு 81 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. 19 நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, கணவருக்கு வெளியூரில் வேலை. விடுப்பு தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் ஓர் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "ட்ரெயினிங் முடிச்ச நர்ஸ் அனுப்புறோம் மேடம், 24 மணி நேரமும் கூடவே இருப்பாங்க" என்றார்கள். பதிவுக் கட்டணம், ஒரு மாதச் சம்பளம், முன்பணம் எல்லாவற்றையும் அன்றே கட்டினேன்.

மறுநாள் காலை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள். 22 வயது இருக்கும். நல்ல பெண். அம்மாவைப் பாட்டி என்று கூப்பிடுவாள். தினமும் தலைவாரி, பொட்டு வைத்து, "பாட்டி இன்னைக்கு அழகா இருக்காங்க" என்பாள். நான் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கைவிரிப்பை மாற்ற நானே உட்கார்ந்தேன். ஒரு வாடை வந்தது. அம்மாவைப் புரட்டிப் பார்த்தால், முதுகெலும்பு முடியும் இடத்தில் பவுடர் அப்பியிருந்தது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். பவுடரோடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் அடங்கும் அளவுக்குக் குழி. அம்மாவால் பேச முடியாது. வலியை யாரிடம் சொல்லியிருப்பார்?

அந்தப் பெண் அழுதுவிட்டாள். "முதல்ல சிவந்துதான் இருந்துச்சுக்கா. வேர்க்குருன்னு நெனச்சுப் பவுடர் போட்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரலக்கா" என்றாள். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்புவரை அவள் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். ஏஜென்சியில் ஒரு மதியம் பி.பி. பார்க்கவும் சுகர் பார்க்கவும் காட்டிக் கொடுத்து, கோட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். அப்படிப்பட்டவளிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஒரு கனத்த உடம்பைத் தனியாகத் திருப்பு என்றால் எப்படி முடியும்? நான் கொடுத்த பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் அவள் கைக்குப் போயிருக்கிறது. இதையெல்லாம் நான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் இருக்கிறது.

ஏஜென்சியைக் கேட்டதற்கு, "சுகர் பேஷண்டுக்கு அப்படித்தான் வரும் மேடம், வேற ஆள் அனுப்பட்டுமா?" என்று பதில் வந்தது. புண்ணைச் சுத்தம் செய்ய அம்மாவை மறுபடி மருத்துவமனையில் சேர்த்தோம். அது ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. புகார் கொடுக்கலாம் என்று அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் "இது மருத்துவமனை இல்லையே" என்றார்கள். இன்னோர் இடத்தில் "இது முதியோர் இல்லம் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. இந்த ஏஜென்சிகள் எந்தக் கணக்கிலும் வராமல் நடுவில் நிற்கின்றன என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

தனியார் மருத்துவமனையும் கிளினிக்கும் நடத்த 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்கு வாட்ச்மேன் அனுப்பும் நிறுவனம்கூட, 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், ஆளின் பின்னணியை விசாரிக்க வேண்டும், பயிற்சி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வாசலில் நிற்பவருக்கு இவ்வளவு இருக்கிறது. படுக்கையறைக்குள் வந்து, வாய் பேச முடியாத ஒருவருக்கு உணவும் மருந்தும் கொடுப்பவரை அனுப்பும் நிறுவனத்துக்கு, நான் விசாரித்தவரை, இதே போன்ற கட்டாயம் எதுவும் இல்லை.

மத்திய அரசு 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்திய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புத் திருத்த மசோதாவில், வீட்டுப் பராமரிப்பு தரும் நிறுவனங்களைப் பதிவு செய்யவும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் வழி சொல்லப்பட்டிருந்தது. அது சட்டமாகும் முன்பே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது. டெல்லியிலிருந்து மறுபடி வரட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல உண்டு.

எனவே கீழ்க்கண்டவற்றை அரசு செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு ஏஜென்சியும் மாவட்ட அளவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விளம்பரத்திலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். அனுப்பும் ஆளின் அடையாளச் சான்றையும் காவல்துறை சரிபார்ப்பையும் முதல் நாளே குடும்பத்துக்குக் காட்ட வேண்டும்.

'நர்ஸ்' என்ற சொல்லை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். மற்றவர்கள் பராமரிப்பாளர்கள். பராமரிப்பாளர் என்பதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் ஊசி போடுவது, உணவுக் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது யார் வேலை, குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது யார் வேலை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவருக்குக் காலை டிபன் வருவதற்கு முன்பே இன்சுலின் போட்டுவிட்டார்கள். டிபன் வரத் தாமதமாகி, அவர் வியர்த்து மயங்கி விழுந்தார். நல்லவேளை, மகன் வீட்டில் இருந்தார்.

பயிற்சியைப் பற்றித்தான் நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். நான் சொல்வதெல்லாம் பெரிய மருத்துவ ரகசியம் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு மேடிட்ட இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுக்கவில்லை என்றால், புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் என் அம்மாவுக்கு அந்தக் குழி விழுந்திருக்காது. குழாயில் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், விட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மறதி நோய் உள்ளவரைக் கட்டிலோடு கட்டிப்போடக் கூடாது. இவற்றை ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்று செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுப் பராமரிப்பாளருக்கான பாடத்திட்டம், தொழிற்பயிற்சிகளை நிலைவாரியாக வகுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கினால் போதும். நேரடிப் பயிற்சிக்கு அரசு மருத்துவமனைகளையும் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையையும் பயன்படுத்தலாம்.

ஆளை அனுப்பியதோடு ஏஜென்சியின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் முதல் நாளும், அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவதும் வீட்டுக்கு வந்து, நோயாளியின் முதுகு, குதிகால், குழாய் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டில் பக்கத்தில் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் திருப்பினார்கள், என்ன கொடுத்தார்கள், சிறுநீர் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். இப்போது என் வீட்டில் அப்படி ஒரு 80 பக்க நோட்டு இருக்கிறது. நானும் எழுதுகிறேன், வருகிறவரும் எழுதுகிறார்.

பணியாளர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கு மாற்று ஆள், இரவில் தொடர்ந்து சில மணி நேரமாவது தூக்கம், ஏஜென்சி பிடித்துக்கொள்ளும் தொகைக்கு ஒரு வரம்பு, தனியாக வேலை செய்யும் வீட்டில் தொந்தரவு ஏற்பட்டால் கூப்பிட ஓர் எண். தூக்கமில்லாத ஒருத்தி கையில் நம் பெற்றோரை ஒப்படைத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்க்க முடியாது.

புகாருக்கு ஓர் இடம் வேண்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்புப் புகார்களையும் அதிலேயே பதிவு செய்து, மாவட்ட சமூக நல அலுவலர் குறிப்பிட்ட நாளுக்குள் விசாரிக்க வழி செய்யலாம். தவறு உறுதியானால் ஏஜென்சியின் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். எல்லாப் பழியும் கோட்டு போட்டு வந்த பெண்ணின் தலையில் விழக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் ஏஜென்சி ஆள் வைத்திருக்கும் வீடுகளிலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, நோயாளியின் முதுகையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்படி சுகாதாரத் துறையுடன் பேசி ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். சட்டம் இயற்ற நாளாகும் என்றால், முதல் கட்டமாக ஏஜென்சிகளின் பெயர்ப் பட்டியலையாவது மாவட்டந்தோறும் எடுக்க உத்தரவிடுங்கள்.

அம்மாவின் மருத்துவச் சுருக்கம், புண்ணின் புகைப்படங்கள், ஏஜென்சி ரசீதின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். விசாரணைக்கோ கருத்துக் கேட்புக்கோ நேரில் அழைத்தால் வருகிறேன். ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: ஸ்ரீரங்கம்