ஸ்பீடு ஏற்றித் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரையிலும், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும் கேம் செட்டு சர்வீஸ் செய்யும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் உங்கள் மேசையில் பிஎஸ்பி, ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் செட்டுகள் குவிவதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து சபராளிகள் கொண்டு வந்ததோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, எல்லாருக்கும் வேண்டுதல் ஒன்றுதான்: எமுலேட்டர் (பழைய கேம் செட்டுகளின் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்) இழுக்கிறது, சிப்பின் ஸ்பீடு ஏற்றுங்கள். ஏற்றியும் தருகிறீர்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போனபின் அதே செட்டுகள் திரும்ப வருகின்றன. அப்போது நீங்கள் சொல்லும் பதிலும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: "மெமரி கார்டு டூப்ளிகேட், புதுசு போடுங்க."

இந்த மடல் அந்த ஒரு பதிலுக்காக.

ஸ்விட்சின் மெமரி (கார்டு அல்ல, உள்ளே இருக்கும் ரேம்) கையில் வைத்து ஆடும்போது 1331 மெகாஹெர்ட்ஸிலும், டிவியோடு இணைக்கும் டாக்கில் 1600-லும் ஓடும். அதைத் தாண்டி 1862 வரை தள்ளுகிறீர்கள். மெமரி அந்த வேகத்தைத் தாங்காவிட்டால் செட்டு உடனே ஹேங் ஆகும் என்று நினைக்க வேண்டாம். ஹேங் ஆனால் நல்லதுதான், தெரிந்துவிடும். ஆகாமல் ஓடிக்கொண்டே ஒரு பிட்டைத் தப்பாகப் படிக்கும், அந்தத் தப்பை அப்படியே கார்டில் சேவ் பண்ணும். கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருந்தால் கோப்புப் பட்டியலே குலையும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சேவ் திறக்காது. வேகம் ஏற்றியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமென்று ஆடுகிறவருக்குத் தோன்றவே தோன்றாது. நல்ல கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கார்டுக்குக் காசு கொடுக்கிறார். அதே செட்டில் அதையும் செருகி, அதே 1862-இல் ஓட்டுகிறார். அந்தக் கார்டுக்கும் அதே கதிதான்.

எனவே எங்கள் கோரிக்கை: கம்பெனி வைத்திருந்த எண் என்ன, நீங்கள் வைத்த எண் என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதி செட்டோடு கொடுங்கள். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே வேகம் வைக்காதீர்கள்.

இரண்டாவதைச் செய்வது கடினமே இல்லை. வேகம் மாற்றும் மென்பொருளான சிஸ்-கிளாக்கில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வேகம் வைக்கலாம். சிபியு 1020-இல் தொடங்கி 1122, 1224, 1326 என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, அந்த விளையாட்டின் கனமான காட்சியை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும். எடுத்த எடுப்பிலேயே 1785-க்குப் போக வேண்டியதில்லை. விளையாட்டுக்கு வேண்டியது நொடிக்கு 60 பிரேம். அது வந்துவிட்டால் எமுலேட்டர் மிச்ச நேரம் சும்மா காத்திருக்கும். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வெறும் சூடு. வேகம் 20 சதவீதமும் அதற்காக வோல்டேஜ் 10 சதவீதமும் ஏறினால் மின்செலவு ஏறத்தாழ 45 சதவீதம் கூடும், ஏனென்றால் வோல்டேஜ் இருமடிக் கணக்கில் சேர்கிறது. பேட்டரியில் ஓடும்போது ஜிபியு (படம் வரையும் சிப்) 460-ஐத் தாண்டக் கூடாதென்று சிஸ்-கிளாக்கே பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டை உடைத்துத் தருவது எந்த வகையில் சர்வீஸ் என்று விளங்கவில்லை.

பிஎஸ்பியிலும் இதே கதைதான். ஆர் பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்து, ரெக்கவரி மெனுவில் எல்லாவற்றுக்கும் 333 வைத்துவிடுகிறீர்கள். 333 அந்தச் சிப்புக்குக் கம்பெனியே வைத்த உச்சம், ஆபத்தில்லை. ஆனால் நிண்டெண்டோவின் பழைய நெஸ் விளையாட்டுக்கு 222-ஏ தாராளம். அதே கம்பெனியின் அதைவிடக் கனமான என்64-க்கு 333-உம் பற்றாது. இரண்டுக்கும் நடுவில் 1200 எம்ஏஎச் பேட்டரிதான் வீணாகக் கரைகிறது. (அதே அளவுக் கூட்டில் 3600 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பேட்டரியும் உங்கள் கடையில்தான் கிடைக்கிறது. பேட்டரியின் கொள்ளளவை மும்மடங்காக்கும் வித்தையை எங்களுக்கும் சொல்லித் தரலாம்.)

சத்தம் கரகரத்தாலே வேகக் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். பல எமுலேட்டர்களை ஒன்றாக ஓட்டும் ரெட்ரோஆர்க்கில், பட்டன் தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் ஆன் ஆகியிருந்தால் ஒரே பிரேமை இரண்டு முறை ஓட்டும். ஆட்டத்தைப் பின்னோட்டும் ரீவைண்டும், படத்தை மெருகேற்றும் ஷேடரும் அதற்கு மேல் சுமை. அவற்றை அணைத்துவிட்டு, சிறிய செட்டுகளில் எம்ஜிபிஏ எமுலேட்டருக்குப் பதில் இலகுவான ஜிபிஎஸ்பி, புது ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டருக்குப் பதில் அதன் 2005 வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். பாதி செட்டுகளுக்கு அதற்குப்பின் வேகம் ஏற்றும் வேலையே இருக்காது. கூலி குறையும் என்பது புரிகிறது.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. உங்கள் கடை ஏசியில் தேறுகிற செட்டு, மே மாத மதியம் தகரக் கொட்டகையில் தேறாது. சூடு ஏறினால் ஸ்விட்சின் ஃபேன் ஓயாமல் சுற்றும். சுற்றச் சுற்ற உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் போர்டில் படிந்த உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும், செம்பைப் பச்சையாக்கும். வேகம் ஏற்றிய செட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபேனைக் கழற்றி, 99 சதவீத ஐபிஏ-வும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) மெல்லிய பிரஷும் கொண்டு துடைக்க வேண்டும். இதை யாராவது ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

பேட்டரி உப்பி மூடி தூக்கிய செட்டைப் பார்த்துவிட்டு "ரொம்ப ஆடுறீங்க தம்பி" என்று புத்தி சொல்வதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.

கோபம் வார்த்தையில் கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செல்போன் முதல் ஜிபிஎஸ் வரை இந்தக் கரையில் எது பழுதானாலும் உங்களிடம்தான் வர வேண்டும். ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: சீட்டில் எண்ணை எழுதிக் கொடுங்கள், விளையாட்டுக்கு விளையாட்டு தனி வேகம் வையுங்கள். ஏற்கெனவே ஏற்றிய செட்டு திரும்பி வந்தால், கார்டைக் குறை சொல்லும் முன் மெமரியை 1600-க்கு இறக்கி, அதே கார்டை ஃபேட்32-க்கு மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சேவ் திறக்கவில்லையென்றால், புதுக் கார்டை உங்களிடமே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்