எந்தக் குதிரையைக் கேட்டு எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற கட்டத்துக்குள் ஒரு வரி: "மட்டக்குதிரை உருவத்தில் சிறியது என்றாலும் தன் எடைக்குச் சமமான பாரத்தை எளிதாகச் சுமக்கும்." தெரியாது ஐயா. பல வருஷம் ஷெட்லாந்து என்ற இனத்து மட்டக்குதிரைகளை வளர்த்தவன் நான். எனக்கும் தெரியாது, என் குதிரைகளுக்கும் தெரியாது.

கீழே படம் வேறு. நன்றாக வளர்ந்த ஓர் ஆள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கால் தரையில் இடிக்காததுதான் குறை. 'நண்பர்கள்!' என்று அதற்கு ஒரு தலைப்பு. அந்த நண்பனின் காதுகள் பின்னால் மடங்கி, முதுகு குழிந்து, தலை மேலே தூக்கி நிற்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்தவர் சவாரிக்காரரின் சிரிப்பை மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

முதுகில் ஏற்றும் பாரம் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் சேணத்தையும் சேர்த்து, என்பது குதிரை வளர்ப்பவர்கள் பரவலாக வைத்திருக்கும் வரம்பு. உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். தராசு இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் எடை வரும். என்னிடம் இருந்த ஒன்றுக்குச் சுற்றளவு 140, நீளம் 112. எடை 185 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 37. சேணத்துக்கு ஐந்தாறு கிலோ கழித்தால் மிஞ்சுவது 31. அதாவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, அதிலும் ஒல்லியான பிள்ளை. உங்கள் படத்து நண்பர் அதில் எத்தனை மடங்கு இருப்பார் என்பதை உங்கள் புதிர்ப் பகுதியில் கேட்கலாம்.

இது கிழவன் சொல் என்று தள்ள வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்டுச் சவாரிக் குதிரைகள் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். 25-ஐத் தொட்டதுமே இதயத் துடிப்பும் தசைவலியும் கூடின. 30-இல் இன்னும் மோசம். அகன்ற இடுப்புள்ளவற்றுக்கு வலி குறைவு என்பதும் அதிலேயே தெரிந்தது. ஷெட்லாந்து அந்த ஜாதிதான், குட்டையாக இருந்தாலும் கட்டை. அதனால் நல்ல உடம்புள்ள ஒன்றுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்று யாராவது வாதாடினால் கேட்டுக்கொள்வேன். நூறு சதவீதம் என்றால் எப்படிக் கேட்பது?

எழுதியவர் எங்கே சறுக்கினார் என்று ஊகிக்க முடிகிறது. இழுப்பதையும் சுமப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். பிரிட்டனில் 1842-இல் வந்த சுரங்கச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அப்புறம் நிலக்கரித் தொட்டி வண்டிகளை இழுக்க ஷெட்லாந்துகள் அதிகமாக இறக்கப்பட்டன. அவை தங்கள் எடையைப் போலப் பல மடங்கு இழுத்தது உண்மை. ஆனால் தண்டவாளத்தின் மேல்! இரும்பின் மேல் இரும்பு உருள அதிக இழுவை வேண்டாம். நல்ல சாலையில் காற்றடைத்த டயர் வண்டி 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்ந்துகொண்டே இருக்க நாலைந்து கிலோ இழுவை போதும். அதே வண்டி பத்தடிக்கு ஓரடி உயரும் மேட்டில் ஏறும்போது அதோடு இன்னும் 20 கிலோ சேர்கிறது, குதிரை தன் உடம்பையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தொடர்ந்து இழுக்க ஒரு குதிரைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவையே கணிசமான வேலை. மணலில் கேட்கவே வேண்டாம். இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து தள்ளும், பிரேக்கும், குதிரையின் பின்புறத்தைச் சுற்றி வண்டியைத் தடுக்கும் பின்பட்டையும் இல்லாவிட்டால் எல்லாம் குதிரையின் பின்னங்கால்களில். இருசக்கர வண்டியில் பாரம் முன்பக்கம் சாய்ந்தால் அந்தக் கனம் முதுகில்தான் இறங்கும். 'இத்தனை கிலோ இழுக்கும்' என்று ஒரே எண்ணாகச் சொல்லவே முடியாது. கட்டத்துக்குள் அடங்காது என்பது எனக்குப் புரிகிறது.

ஒரு வரிக்கு இவ்வளவா என்பீர்கள். ஒரு வரி மட்டுமா? முன்பு கால்நடைக் கேள்வி-பதில் பகுதியில் ஒருவர், "ஆள் ஏறியதும் மட்டக்குதிரை நகர மறுக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். "பிடிவாதக் குணம், கண்டிப்புடன் நடத்துங்கள்" என்று பதில். ஏறியவர் என்ன எடை, குதிரைக்கு என்ன வயது, சேணம் பொருந்துகிறதா என்று ஒரு கேள்வி இல்லை. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளுக்கென்று வாங்கிய மட்டக்குதிரையில், வந்து போன உறவினர் எல்லாரும் ஏறினார்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது சேணம் அழுத்திய இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. விரலால் முதுகை அழுத்தினால் அப்படியே கீழே குழைந்து நழுவியது. அதையும் அந்த வீட்டில் அடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கற்றார்களோ!

அப்போதே இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பினேன். 'வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது' என்று திரும்பி வந்தது. அடுத்த இதழில் ஒரு நடிகரின் நாய் எந்த மெத்தையில் தூங்குகிறது என்று இரண்டு பக்கம், வண்ணத்தில். நானும் படித்தேன். நல்ல மெத்தைதான்.

உங்களைத் தொல்லைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். கேட்பது சிறியது. அடுத்த சிறுவர் பகுதியில் அதே கட்டத்துக்குள் 'மட்டக்குதிரையின் மேல், சேணத்தோடு சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது' என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இல்லையென்றால் என் பெயரை விட்டுவிடுங்கள், பரவாயில்லை. அந்தப் படத்தை மட்டும் இனி எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்