ஊர்க் கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வூரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு கல் உண்டு. அந்த 14 பேர் யார் என்பது கல்லில் இல்லை. ஏறக்குறைய இதே வாசகத்தோடு, எண் மட்டும் மாறி, அன்றைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கற்கள் பதித்தார்கள். சாவடி, பழைய பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் என்று அவற்றில் பல இன்னும் சுவரோடு சுவராக நிற்கின்றன. அந்தந்த ஊர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே அந்தப் பெயர்களைத் தேடி எடுக்க முடியும். பெரிய செலவு கிடையாது. முறை தெரியாமல் இறங்கினால்தான் கல்லும் கெடும், தப்பான பெயரும் ஏறும்.

முதலில் கல். பெரும்பாலும் கெடுதல் நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. குடியரசு தினத்துக்கு வெள்ளையடிப்பவர் கல்லின் மேலும் ஒரு பூச்சு இழுத்துவிடுவார். எழுத்துப் பள்ளம் தூர்ந்துபோகும். பிறகு பெயின்டர் கறுப்பு எனாமலால் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். பாதி மறைந்த 3 அப்போது 8 ஆகிவிடும். அதற்குப் பின் அந்த ஊரில் எல்லாரும் 8 என்றே சொல்வார்கள். ஆகவே, எதையும் தொடுமுன் படம் எடுங்கள். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போலப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். நேர் எதிரே நின்று, ஓர் அளவுகோலையும் சேர்த்து, இடம், வலம், மேல் என மூன்று பக்க வெளிச்சத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், நிழலை அடித்துவிடும். சாக்பீஸ் பொடி, மாவு தேய்த்துப் படிப்பதும் வேண்டாம். கல்லின் நுண்துளையில் தங்கிவிடும்.

சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கல்லை முதலில் நன்றாக நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்து, கடைசியில் மேலிருந்து கழுவி விடுங்கள். உலர்ந்த கல்லில் மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கோடுகோடாக வழிந்து ஊறிவிடும். பாசியை மூங்கில் குச்சியால் எடுக்கலாம். கம்பி பிரஷ், உப்புத்தாள், பிளீச்சிங் பவுடர் கூடாது. ஆசிட் கூடவே கூடாது. சலவைக்கல் சுண்ணாம்பு வகை, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும், எழுத்தின் ஓரம் மழுங்கும். கருங்கல் கரையாவிட்டாலும் உள்ளிருக்கும் இரும்பு துருவாக வெளிவந்து பழுப்புக் கறை விழும். எனாமல் ஏறிய கல்லை நீங்களே சுரண்டாமல் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ஓரம் விரிந்திருந்தால் சிமென்ட் அப்பக் கூடாது. அது ஈரத்தை உள்ளே பூட்டும், அதன் உப்பு கல்லின் முகத்தைப் பொரியாக உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்தே நல்லது.

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றால் அவசரம். எத்தனையோ கற்கள் இடிபாட்டோடு லாரி ஏறிப் போயிருக்கும். இடிக்கும் தேதிக்கு முன்பே தாசில்தாருக்கும் ஊராட்சிக்கும் படத்தோடு மனு கொடுங்கள். பெயர்க்கும்போது கல்லைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பூச்சையும் செங்கலையும் உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மூலையில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் குறுக்கே விண்டுவிடும். எடுத்த பலகையைப் படுக்கையாகத் தூக்கக் கூடாது, தன் கனத்திலேயே நடுவில் முறியும். சாக்கு சுற்றி, நிமிர்த்தியே கொண்டுபோய், மரச்சட்டத்தின் மேல் சாய்த்து வைக்க வேண்டும்.

இனி பெயர். இரு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ், இந்திய வீரர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு இலவசம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் அதில் வருவார்கள். நம்மவர்களைப் பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பது அரிது. முனுசாமி என்ற பெயரையே எழுத்தர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா அங்கே இருக்கும். ஜில்லா அன்றைய பெயரில் இருக்கும்: வட ஆற்காடு, திருச்சினாப்பள்ளி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர், திருநெல்வேலிக்குத் தின்னவேலி. ஒற்றைப் பெயர்க்காரர்களைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். படைப்பிரிவு தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), 61, 64, 81ஆம் பயனியர்கள் (பாதை போடும் காலாட்படை), 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (காலாட்படை), 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, கர்னாடிக் இன்ஃபன்ட்ரி என்று பாருங்கள். பிறகு கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள், தொழிலாளர் படை. துப்பாக்கி ஏந்தாத இவர்களைத் தேடாமல் விட்டால் ஏழைகளின் பெயர்தான் விட்டுப்போகும்.

வீடுகளிலும் கேளுங்கள். முதல் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் படியுங்கள், புளி போட்டுத் துலக்க வேண்டாம், விளிம்பெழுத்து தேய்ந்துவிடும். இறந்தவர் வீட்டுக்கு 12 செ.மீ. அளவில் ஒரு வெண்கல வட்டத் தகடு வந்திருக்கும். அதில் பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் உண்டு, பதவி கிடையாது. சுபேதாருக்கும் சிப்பாய்க்கும் ஒரே தகடுதான்.

கிடைத்த பெயர்களும் கல்லிலுள்ள எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் ஒத்துவர வைக்காதீர்கள். வேறு ஊரில் போய்ப் படையில் சேர்ந்தவர் அந்த ஊர்க் கணக்கில் இருப்பார். ஊனத்தோடு திரும்பிப் பின்னால் இறந்தவர் எந்தக் கணக்கிலும் வராமல் போயிருக்கலாம். பதிவேடு, பதக்கம், குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி இவற்றில் இரண்டேனும் ஒத்துப்போனால் மட்டும் பெயரை ஏற்றுங்கள். மற்றவற்றை ‘உறுதியாகவில்லை’ என்று தனித்தாளில் வையுங்கள். பெயரைப் பழைய கல்லில் வெட்டவே கூடாது, பக்கத்தில் புதுக் கல் வைக்கலாம். 1962, 1965, 1971, 1999 போர்களில் இறந்தவர்களுக்கும் அதிலேயே இடம் விடுங்கள். முன்னாள் படைவீரர் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் இவர்களைப் பற்றிக் கேட்கலாம். டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் தியாகச் சக்கரம் என்ற பெயர்ச் சுவர்களிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு ஏன் இந்த மரியாதை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் போரை ஊரார் யாரும் கேட்டு வாங்கவில்லை. அரிசிக்கும் சம்பளத்துக்கும் போனவர்கள் பலர். முதல் போரில் அன்றைய இந்தியப் படையில் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயரைப் பொறித்தார்கள், நம் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக விட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்காகப் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் மன்னிப்புக் கேட்டது. பேரரசைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது எண்ணாக்கிவிட்டுப் போன மனிதர்களைத் திரும்ப மனிதர்களாக்கத்தான் சொல்கிறோம்.

பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தில் தகப்பன் பெயர், தெரு, படைப்பிரிவு, இறந்த இடம், தேதி எழுதி, பாஸ்ராவையோ கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவையோ உலகப் படத்தில் குறிக்கட்டும். முதல் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 காலை 11 மணிக்குக் கல்லின் முன் அவரவர் பெயரை அவரவரே வாசிக்கட்டும். முந்தின வாரமே வாய்விட்டுப் பழக்குங்கள். பெயர் தடுமாறினால் முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தார் மனம் நோகும். வாசிப்பு, இரண்டு நிமிட மௌனம், பூ; இவ்வளவுதான். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினால் அவர்களுக்கு வெயில்தான் நினைவிருக்கும். விளக்கைக் கல்லிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். எண்ணெயும் மஞ்சளும் சலவைக்கல்லில் ஊறினால் போகாது.

சென்னைக்குப் பக்கத்திலுள்ள பள்ளிகள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போகலாம். இரண்டாம் போரில் இறந்த 850க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம். முகப்போடு திரும்பிவிடாமல் பின்பக்கம் வரை போங்கள். இந்தியாவின் பல ஊர்களில் பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளில் கிடக்கும் முதல் போர் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பெயரோடு இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் தங்கள் ஊர்க் கல்லின் படத்தை அனுப்பக் கேட்டு, மாவட்டவாரியாக வெளியிடுங்கள். ஊர், தாலுகா, எந்தக் கட்டடத்தின் எந்தச் சுவர், கல்லில் உள்ள இரண்டு எண்கள், கட்டடம் இடிபடும் நிலையில் உள்ளதா என்ற விவரம் வந்தால் போதும். இடிபடும் நிலையில் உள்ளவற்றை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்களும் முன்னாள் படைவீரர்களும் சிலர்,
வேலூர்.