குஷன் கவர் விஷயமாக

அன்புள்ள கண்ணுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குஷன் கவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறம் நன்றாக வந்திருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே “மீட்டிங் இருக்கும்மா” என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தச் சிவப்பு கறுப்பு பார்டரை டிஜிட்டல் பிரிண்ட் அடித்து, ‘நீலகிரிப் பழங்குடிக் கலை’ என்று லேபிள் ஒட்டி விற்க வேண்டாம். அது நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் போடும் எம்பிராய்டரி, வேலையை அவர்களிடமே கொடு. முடியாது என்றால் வேறு டிசைனுக்குப் போய்விடு.

சட்டத்தைப் பற்றி உன் பார்ட்னர் சொல்வது தப்பில்லை. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பு, தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் மூவரும் சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது. அந்தச் சட்டம் முக்கியமாகப் பெயரைத்தான் காக்கிறது. ‘தோடர்’ என்று எழுதாமல் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சிக்கல் வராது என்பது அவர் கணக்கு. வராமலும் போகலாம். ஊட்டியில் இப்போதே அந்தக் கோலத்தை மெஷினில் போட்ட ஷால்கள் விற்கின்றன, டூரிஸ்டுகள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். ஆனால் மெக்சிகோவில் நடந்ததை அவரைப் படிக்கச் சொல். இசபெல் மரான் என்ற பாரிஸ் டிசைனர் விற்ற சட்டையைப் பார்த்து, 2015இல் ஓஹாக்கா மாநிலத்தின் மீஹே மக்கள், இது எங்கள் பெண்கள் தலைமுறையாகப் போடும் வேலை என்று எழுந்து நின்றார்கள். 2020இல் இன்னொரு பழங்குடியின் கோலத்துக்காக அதே டிசைனர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2022இல் அந்த நாடு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. நம் ஊரில் அது வர எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரைக்கும் பிரிண்ட் அடித்து விற்கலாம் என்று ஒரு கம்பெனியைத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். மார்க்கெட்டில் நம் நூல் கடைக்கு வரும் தோடர் அக்காக்களை நீயும் பார்த்திருக்கிறாய். சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் கேட்பார்கள். ஆனால் சிவப்பை அப்படியே வாங்க மாட்டார்கள். நூல் லட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் ஆரஞ்சு அடித்தாலும் திரும்பி வந்துவிடும். சாயத்தில் உங்கள் அப்பாவை விட அவர்களுக்குத்தான் கண்டிப்பு அதிகம்.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால், பிரிண்டில் என்ன போய்விடுகிறது என்று உனக்கே புரியும். துணியில் பென்சிலால் ஒரு கோடு கூடப் போடுவதில்லை. வளையச் சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகும். எத்தனை இழை தாண்டுவது, எங்கே எடுப்பது எல்லாம் மனக்கணக்கு. துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள். நூலை முழுக்க இழுத்துவிடாமல் சின்னச் சின்னக் கண்ணியாக விடுவதால் மேலே தடித்து நிற்கும், தடவினால் விரலில் தட்டுப்படும். நீயும் நானும் பின்பக்கம் என்று நினைக்கும் பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். புதிதாகப் பார்ப்பவர்கள் இது தறியிலேயே நெய்தது என்றுதான் நினைப்பார்கள்.

இழையை எண்ணிச் செய்வதால் இன்னொன்றும் உண்டு, வியாபாரத்துக்கு இதுதான் முக்கியம். துணியின் நெசவு நெருக்கமாக இருந்தால் அதே எண்ணிக்கையில் பூ சின்னதாகும், இளக்கமாக இருந்தால் பெரிதாகும். கைக்குற்றம் இல்லை, துணிக்குற்றம். சில வருஷத்துக்கு முன்பு வெளியூர்க் கடை ஒன்று, எனக்குத் தெரிந்த நாலைந்து பெண்களிடம் மேஜை விரிப்புக்கு ஆர்டர் கொடுத்தது. துணியும் அந்தக் கடையே அனுப்பியது, இரண்டு வேறு லாட்டிலிருந்து. பிறகு “அளவு ஒன்றுபோல் இல்லை” என்று பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. மாதக்கணக்கில் செய்த வேலை. காசும் வரவில்லை, நூல் கடனும் நின்றது. கடன் நம் கடையில்தான், அதை விடு. அந்தப் பெண்களில் ஒருவர் அதற்குப் பிறகு ஊசியே எடுக்கவில்லை, கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போகிறார்.

அதனால் நீ செய்வதாக இருந்தால் துணியை ஒரே லாட்டில் வாங்கு. இழை கண்ணுக்குத் தெரிகிற கனமான பருத்தித் துணி வேண்டும். மெல்லிய மல் துணியைக் கொடுத்து எண்ணச் சொன்னால் நாற்பது தாண்டியவர்களுக்குக் கண் போய்விடும். முன்பணம் கொடு. சரக்கு கைக்கு வந்த அன்றைக்கே மீதியைக் கொடு. உங்கள் தொழிலில் வழக்கமான தொண்ணூறு நாள் கடன் மந்துக்குள், அதாவது அவர்கள் குடியிருப்புக்குள், செல்லாது. ஒரு மந்தில் சாவு விழுந்தால் மற்ற மந்துகளிலிருந்தும் கிளம்பிப் போய்விடுவார்கள், வேலை அப்படியே நிற்கும். முத்தநாடு மந்துக் கோயில் திருவிழா வரும் பனிக்காலத்திலும் அப்படித்தான். இதற்கெல்லாம் நாள் விட்டு டெலிவரி தேதியைக் கணக்குப் போடு. தீபாவளி கலெக்ஷன் என்றால் சித்திரையிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும்.

அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற சால்வையில் இதே பூதான் வரும். இறந்தவரையும் அதே மாதிரி துணியில்தான் சுற்றுவார்கள். உடனே, ஐயோ, இதை குஷனில் போட்டு உட்காரலாமா என்று நீ பதற வேண்டாம். குஷன் கவர், பை, மொபைல் உறை எல்லாம் அவர்களே தைத்து விற்கிறார்கள். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள். நீ கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் லேபிள். ‘இயற்கைச் சாயம், ஆதிகால முறை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த நூல் அக்ரிலிக் கண்ணு! விற்றவள் நான். துணியை அவர்கள் எப்போதுமே நெய்ததில்லை, அது கீழே சமவெளித் தறியிலிருந்து வருவது. காலம் காலமாகக் கிடைக்கிற நூலில் செய்து வந்திருக்கிறார்கள், அதனால் அது அசல் இல்லாமல் போய்விடவில்லை. கையும் கணக்கும் அவர்களுடையது. வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்று அவர்களைக் காட்டுக்குள் இருந்து வந்த அதிசயமாக எழுதாதே. ‘தோடர் பெண்கள் கையால் தைத்தது, பருத்தித் துணி, அக்ரிலிக் நூல்’ என்று போடு. சுற்றுச்சூழல் என்று பேசுகிற பிராண்டுக்கு நூலை மாற்ற ஆசை இருந்தால், நல்ல சிவப்பில் கம்பளி நூலைத் தேடிப் பிடித்து அவர்களிடம் காட்டு. ஒத்துக்கொண்டால் சரி. விலை வித்தியாசத்தை நீ ஏற்றுக்கொள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அவர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர். எருமைதான் அவர்களுக்கு எல்லாமும். எருமைப் பாலைக் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில், அந்தப் பால் கோயில் பூசையும் கறவையும் ஆண்கள் கையில், பெண்களுக்கு அங்கே இடமில்லை. மேய்ச்சல் புல்வெளியில் சீகையும் யூகலிப்டஸும் நட்டு, தேயிலை வைத்து, அணை கட்டி நாம் எடுத்துக்கொண்டோம். எருமை குறைந்தது. பெண்கள் கையில் இருந்த ஊசி அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வருமானம் ஆனது. வாசலில் வெயிலில் உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம், எவன் தோட்டத்துக்கும் போக வேண்டாம். நாளைக்கு அந்தப் பெண்களே நேரடியாக ஆன்லைனில் விற்க வந்தால், மார்க்கெட்டில் ஏற்கனவே உன் பிரிண்ட் மலிவு விலையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோலத்தை அவர்களுக்கு எதிராகவே போட்டிக்கு நிறுத்துகிற மாதிரி ஆகும்.

கணக்கு இடிக்கும் என்று தெரியும். பிரிண்ட் என்றால் ஆயிரம் பீஸ், கைவேலை என்றால் அதில் பத்தில் ஒன்று கூட முதல் வருஷம் வராது. ஒன்று செய். குஷன் முழுக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் அவர்கள் தைக்கட்டும், மற்றது வெறும் கதர்த் துணியாக இருக்கட்டும். நேரமும் குறையும், அவர்கள் சொல்லும் கூலியை நீ முழுதாகக் கொடுக்கவும் முடியும். பார்க்கவும் அதுதான் அழகு, உன் டிசைனில் நெருக்கம் அதிகம்.

பள்ளிக்கூட லீவுக்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி வா. நான் முதலில் சங்கத்தில் பேசி வைக்கிறேன், பிறகு இரண்டு மூன்று வீட்டுக்குப் போகலாம். முடியாது என்று அவர்கள் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். துணி சாம்பிள் மூன்று வகை, ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது கொண்டு வா. பார்ட்னரையும் கூட்டி வா, ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல், போன தடவை பாவம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அம்மா